சாட்சிக் கூண்டுக்குக் கதவு கிடையாது

அந்தப் பெண் என் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து பாவாடை நுனியை மென்றுகொண்டிருந்தாள். மென்று மென்று அந்த இடம் மட்டும் ஈரமாகி, சிவப்புச் சாயம் உதட்டில் ஏறியிருந்தது. வெற்றிலை போட்ட குட்டிக் கிழவி மாதிரி இருந்தாள். வயது எட்டு, மிஞ்சினால் ஒன்பது.

"சோறு போடட்டுமா?" என்றேன்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"மோர்?"

வேண்டாம்.

"வேர்க்கடலை வறுத்து வெச்சிருக்கேன். இன்னும் சூடு ஆறலை."

மெல்லுவது ஒரு நொடி நின்றது. பிறகு அதுவும் வேண்டாம்.

வேர்க்கடலையை வேண்டாம் என்று சொன்ன குழந்தையைப் பூந்தமல்லியில் நான் அதுவரை பார்த்ததில்லை. விஷயம் பெரிது என்று அப்போதே புரிந்துவிட்டது.

அவளைக் கொண்டுவந்து விட்டவர் என் வீட்டுக்காரர். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக, காதில் செருகிய பென்சிலோடு நின்றுகொண்டிருந்தார். "ரெண்டு மணி கேஸ் சாட்சி இது. வெயில்ல நின்னா மயங்கி விழுந்துடும். உள்ள உக்காரட்டும்" என்றவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு விரலை நீட்டினார். "இந்தா, வழக்கைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. ஒரு வார்த்தை! கேட்டேன்னு வெளியில தெரிஞ்சுதோ, என் உத்தியோகம் போயிடும்."

"நான் ஏன் கேக்கறேன்?" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். கட்டிக்கொண்டு மூன்று வருஷமாகியிருந்தது. என்னைப் பற்றி அவருக்குத் தெரியும்.

கச்சேரிக்குப் பின்னால்

இந்தப் பத்திரிகையில் போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் எந்த வருஷம் என்று போடக் கூடாதா அம்மா?" என்று திருவள்ளூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். ஐயா, நான் பெஞ்சு கிளார்க் இல்லை, பெஞ்சு கிளார்க்கின் பெண்டாட்டி. தேதி குறிப்பது அவர் வேலை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான், ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கவில்லை. இப்போது தொழிற்சாலை இருக்கும் இடத்தில் அப்போது வேர்க்கடலை விளைந்தது.

பூந்தமல்லியில் சப் மாஜிஸ்திரேட் கோர்ட் இருந்தது. ஜனங்கள் அதைக் கச்சேரி என்பார்கள். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளைக்குக் கச்சேரியில் வேலை என்று சொன்னதை என் தங்கை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, அக்காவுக்குப் பாட்டுக்காரர் கிடைத்துவிட்டார் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். இவர் பாடி நான் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். அதை வேறொரு வாரம் தைரியம் வந்தால் எழுதுகிறேன்.

கச்சேரிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கிணறு, ஒரு நுணா மரம், அதை அடுத்து எங்கள் ஓட்டு வீடு. கிணற்றடியில் நின்றால் இடது கைப் பக்கம் சப் ஜெயிலின் சுவர் தெரியும். கைதிகள் இருமுவதுகூடக் கேட்கும்.

சாட்சி சொல்ல வரும் குழந்தைகளை இவர் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. கருணை என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தை அழுதால் அவருக்குப் பேனா ஓடாது. தாளில் மை கொட்டிவிடும். அதனால்தான் என்று அவரே சொல்வார். நானும் நம்புவதாகக் காட்டிக்கொள்வேன்.

எத்தனை விதமான குழந்தைகள்! ஆடு திருடுபோன வழக்கில் வந்த ஒரு பெண், அந்த ஆட்டையும் கூட்டிவந்தால்தான் பேசுவேன் என்று தரையில் உருண்டாள். கூட்டிவந்தார்கள். ஆடு கச்சேரிக்குள் வந்து செய்த காரியத்தை நான் எழுத முடியாது. இன்னொரு பையனிடம் மாஜிஸ்திரேட் "உனக்கு என்ன தெரியும், சொல்லு" என்றதும், அவன் கையைக் கட்டிக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தானாம். இவர் கடமை தவறாமல் நாலு வரி எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாராம்.

எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. அதைப் பற்றி என்னிடம் கேட்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. கச்சேரிக் குழந்தைகள்தான் கேட்டதில்லை. அவர்களுக்கு அவர்கள் கவலை.

துரைக்கண்ணுவும் மோரும்

வழக்கைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றாரே தவிர, தெரியாமல் இருக்க வழியில்லை. காரணம் துரைக்கண்ணு.

துரைக்கண்ணு கச்சேரியின் டவாலி. மார்பில் பித்தளை வில்லை போட்டுக்கொண்டு வாசலில் நின்று, சாட்சிகளின் பேரை மூன்று தரம் கூவுவது அவன் வேலை. அவன் குரலைக் கேட்டால் கச்சேரி ஓட்டின் மேலிருக்கும் புறாக்கள் எழுந்து ஒரு சுற்றுப் பறந்துவிட்டு உட்காரும். அவனுக்கு அதில் பெருமை. தினமும் பதினோரு மணிக்கு என்னிடம் மோர் குடிக்க வருவான். குடித்த மோருக்குச் செய்தி சொல்லிவிட்டுப் போவான்.

"அயனம்பாக்கத்துப் பொண்ணும்மா. பேரு பச்சையம்மா. அது கால்ல கெடந்த கொலுசை அந்த வளையல்கார பாய் கயட்டிகினு பூட்டாராம். ஊர்க்காரனுங்க துரத்திகினு போயி, புளியமரத்துல கட்டிவெச்சு, போலீசாண்ட ஒப்படைச்சுட்டானுங்கோ. இன்னியோட பதினோரு நாளு ஆவுது, உள்ளதான் கீறாரு."

"எந்த வளையல்கார பாய்?"

"நம்ம இமாம் பாய்தாம்மா."

கையிலிருந்த மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டேன். என் இரண்டு கையிலும் அப்போது கிடந்தவை இமாம் பாய் போட்ட வளையல்கள். பூந்தமல்லியிலிருந்து சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கிராமங்களுக்கு வளையல் சரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர் அவர். பெண்களின் கையைப் பிடித்து, பிசைந்து, எலும்பில்லாத கை மாதிரி ஆக்கி, ஒன்றுகூட உடையாமல் ஏற்றிவிடுவார். வலிக்கிறதே என்று நினைப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

"கொலுசு கெடைச்சுதா?"

"அவராண்ட இல்ல. வித்துட்டிருப்பாருன்னு சொல்றாங்கோ."

நான் உடனே, சேச்சே அவர் எடுத்திருக்க மாட்டார் என்று சொன்னேன் என்று இங்கே எழுத ஆசைதான். சொல்லவில்லை. யாருக்கு எப்போது புத்தி எப்படிப் போகும் என்று யார் கண்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஜெயில் சுவர் இருபது அடியில் இருக்க, அவர் போட்ட வளையல் குலுங்கக் குலுங்க தண்ணீர் இறைத்தேன்.

"இது ஆரு போட்டது?"

இப்போது வாசற்படிக்கு வருவோம். அந்தக் கொலுசுக்காரி பாவாடையை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் அப்பா கன்னியப்பன் கச்சேரி வாசலில் மற்றச் சாட்சிகளோடு நிற்கிறார். நல்ல உயரம், மீசை, கையில் மாட்டுக் கோல். ஏர் ஓட்டுகிறவர் கை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் வழக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினேன். எங்கள் கிணற்றில் ஆமை இருப்பதைச் சொன்னேன். மாஜிஸ்திரேட் ஐயா மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்குவார் என்பதைச் சொன்னேன். இது அரசாங்க ரகசியம், இருந்தாலும் சொன்னேன். பச்சையம்மா அசையவில்லை. கடைசியில் வேர்க்கடலையைத் தோல் நீக்கி ஊதி அவள் கையில் வைக்கப் போனேன். வளையல் குலுங்கியது.

அவள் என் கையையே பார்த்தாள்.

"யக்கா, இது ஆரு போட்டது?"

பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. "இமாம் பாய்" என்றேன்.

அவ்வளவுதான். முகம் கோணிக்கொண்டது. சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். குழந்தைகள் சத்தம் போட்டு அழுதால் நமக்குக் கோபமாவது வரும். சத்தமில்லாமல் அழுதால் என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். எலும்பெல்லாம் கையில் தட்டியது.

"யக்கா, கூண்டுல ஏத்துனா அப்பால எறக்க மாட்டாங்களா?"

"யாரு சொன்னது?"

"எங்க மாமா பையன் சொன்னான். தப்பா சொன்னா அத்தோட கதவ சாத்திப் பூட்டிருவாங்களாம். சர்க்கஸ் புலி மாதிரி. துன்றதுக்கு ஒண்ணுமே குடுக்க மாட்டாங்களாம்."

"அதெல்லாம் சும்மா."

"யக்கா... அந்த பாய் வந்து... நான் வந்து..."

சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கையில் பாவாடைச் சாயம் ஒட்டிக்கொண்டது.

ஏன் பொத்தினேன் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் சொல்லிவிட்டால் அவள் பாரம் இறங்கிவிடும், பிறகு உள்ளே போய்ச் சொல்ல மாட்டாள். அப்படியே சொன்னாலும், பெஞ்சு கிளார்க் பெண்டாட்டி சொல்லிக் கொடுத்தது என்று போலீஸ் சொல்லும். என் வீட்டுக்காரர் வேலை போகும், பாயும் வெளியே வர மாட்டார். இதெல்லாம் அந்த நிமிஷம் இவ்வளவு தெளிவாக யோசித்தேனா? இல்லை. பயந்துபோய்ப் பொத்தினேன். அதுதான் நிஜம்.

"எனக்குச் சொல்லாதே கண்ணு. நான் கேக்கக் கூடாது. ஆனா அந்தக் கூண்டைக் காட்டறேன் வா. அதுக்கு ஒண்ணும் தடையில்லை."

தடையில்லை என்று யார் சொன்னார்கள்? நானாகச் சொன்னதுதான்.

காலிக் கச்சேரி

ஒரு மணி இருக்கும். வக்கீல்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கூரையில் தொங்கும் பங்கா விசிறியை இழுக்கும் பெரியவர் அதன் கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு தாழ்வாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு இருவரும் உள்ளே நுழைந்தோம்.

நானும் அதற்கு முன் உள்ளே போனதில்லை. பசையும் பழைய தாளும் கலந்த நெடி. மேடை மேல் மேஜை, அதில் மை கொட்டிய பச்சைத் துணி. வலது பக்கம் அந்தக் கூண்டு. வெளியில் அதைப் பற்றி எவ்வளவு பேசுகிறார்கள்! பார்த்தால் எங்கள் ஊர்ச் சந்தையில் வெல்லம் விற்பவன் போடும் தட்டி மாதிரி, இடுப்பளவு மரச் சட்டம், மூன்று பக்கம்.

பச்சையம்மா என் புடவைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"கதவு எங்க கீது?"

"தேடிப் பாரு."

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். பின்பக்கம் திறந்திருந்தது. கையை உள்ளே விட்டாள், வெளியே எடுத்தாள். மறுபடியும் விட்டாள்.

"இல்லியே."

"கதவே இல்லை, பூட்டு எங்க மாட்டறது?"

"கயட்டி வெச்சிருப்பாங்கோ. நான் ஏறனதும் கொண்டாந்து வெப்பாங்கோ."

வக்கீல் தோற்றான்.

"நீ ஏறு பாக்கலாம்" என்றாள்.

ஏறினேன். வேறு என்ன செய்வது? ஏறி நின்று, கையைச் சட்டத்தின் மேல் வைத்து, "இதோ பார், நான் நிக்கறேன். இதோ எறங்கறேன். இதோ மறுபடி ஏறறேன்" என்று மூன்று முறை ஏறி இறங்கிக் காட்டினேன். மூன்றாவது முறை ஏறி நின்றபோது மேடைப் பக்கக் கதவு திறந்தது.

மாஜிஸ்திரேட் ஐயா.

பொடி டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எடுக்க வந்தார். கோட்டு இல்லை, தலைப்பாகை இல்லை. வழுக்கைத் தலையும் தோளில் துண்டுமாக நின்றார். நான் சாட்சிக் கூண்டில்.

இறங்க வேண்டும் என்று தோன்றியது. கால் வரவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். புடவைத் தலைப்பைப் பிடித்துத் தொங்கிய குழந்தையைப் பார்த்தார். நிதானமாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சிட்டிகை பொடி போட்டு, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சாட்சி பெயர்?"

என்னைத்தான். "ராஜாம்பாள்" என்றேன்.

"புருஷன் பெயர்?"

இந்தக் காலத்துப் பெண்களுக்கு இது புரியாது. நாங்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டோம். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"சாட்சி பதில் சொல்ல மறுக்கிறார். தண்டனை என்ன தெரியுமா?"

"அது வந்துங்க... காஞ்சிபுரத்துப் பெரிய கோயில் சாமி பேருங்க."

அதுவரை ஒளிந்துகொண்டிருந்த பச்சையம்மா தலையை நீட்டி, எனக்கு உதவி செய்கிற நினைப்பில், "காமாச்சியா?" என்றாள்.

மாஜிஸ்திரேட் ஐயாவின் முகம் மாறவே இல்லை. "நம்ம பெஞ்சு கிளார்க் பெயர் காமாட்சியா? இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமல் போச்சே" என்றார். சரியாக அந்த நேரத்தில் கட்டுக் காகிதத்தோடு என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் உள்ளே வந்தார். (இப்போது பேரை எழுதிவிட்டேன். இனி குறைய ஆயுசு ஏது?) அவர் என்னைக் கூண்டில் பார்த்தபோது முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். காதிலிருந்த பென்சில் தானாகக் கீழே விழுந்தது.

"இன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு?" என்று விசாரணை தொடர்ந்தது.

"கத்திரிக்காய்ங்க."

"உப்பு?"

"கொஞ்சம் தூக்கல்ங்க."

"உண்மை பேசும் சாட்சி. இறங்கலாம்."

பச்சையம்மா அப்போதுதான் சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை.

ஐயா அவளிடம் திரும்பினார். "நீ ஏறு பார்ப்போம்." ஏறினாள். சட்டத்துக்கு மேலே உச்சிக் குடுமி மட்டும் தெரிந்தது. "சாட்சியைக் காணோமே! இது ஆகாது" என்று, தன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போடச் சொன்னார். "ரெண்டு மணிக்கு நீ இங்கே உட்காரலாம். நான் இப்போ ஒண்ணும் கேட்கப் போறதில்லை. அப்போ கேட்பேன். தெரிஞ்சதைச் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. அவ்வளவுதான் வேலை."

அவள் நேரே வீட்டுக்கு வந்து ஒரு படி வேர்க்கடலை தின்றாள். கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன். அரைப் படி.

இரண்டு மணி

பின்பக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மெதுவாகக் கூப்பிட வேண்டும் என்று துரைக்கண்ணுவுக்கு உத்தரவு. பாவம், அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அடித்தொண்டையில், கோழியைக் கூட்டுக்குக் கூப்பிடுவது போல "பச்சம்மா... பச்சம்மா..." என்றான். கச்சேரியே திரும்பிப் பார்த்தது. புறாக்கள் எழவில்லை.

அவள் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். எதிரே இமாம் பாய் நின்றிருந்தார். பதினோரு நாளில் தாடி ஏறி, கழுத்து மெலிந்து, யாரோ மாதிரி இருந்தார். அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னக் குழந்தை என்றால் முதலில் அதற்கு உண்மை பொய் தெரியுமா என்று கேட்பது முறை.

"பச்சையம்மா, பொய் சொன்னா என்ன ஆகும்?"

"அடி வுழும்."

"சரி. உண்மை சொன்னா?"

அவள் கதவோரம் நின்ற தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த கோலைப் பார்த்தாள்.

"அதுக்கும் வுழும்."

யாரோ சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "கன்னியப்பன், நீ கொஞ்சம் வெளியே நில்லு" என்றார். கன்னியப்பன் தயங்கினார். துரைக்கண்ணு அவரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.

"இப்போ சொல்லு. இங்கே யாரும் அடிக்க மாட்டாங்க."

அவள் சாத்திய கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"பாய் எட்க்கல" என்றாள்.

"சத்தமா சொல்லு."

"பாய் எட்க்கல சாமி. ஏரில அல்லிக்கெயங்கு புடுங்கப் போனேன். கொலுசு சேத்துல சிக்குதுன்னு கயட்டி கரமேல வெச்சேன். திரும்பிப் பாத்தா காணல. தண்ணில உயுந்துட்ச்சு போலகீது. நைனா அடிக்க மிலார் எட்த்துகினு வந்து எங்கடி கொலுசுன்னு கேட்டாரு. அன்னிக்கி பாய் எங்க தெருவுல வந்தாரு. அதான் அவரு பேரு வாயில வந்துட்ச்சு."

போலீஸ் தரப்பில் வழக்கு நடத்திய இன்ஸ்பெக்டர் எழுந்தார். சாட்சியை யாரோ கலைத்துவிட்டார்கள் என்றார். இன்று மத்தியானம் இந்தக் குழந்தை யார் வீட்டில் இருந்தது என்று விசாரிக்க வேண்டும் என்றார். இவர் பேனா நின்றுவிட்டது.

"விசாரித்தாச்சு" என்றார் ஐயா. "நானும் இருந்தேன். கத்திரிக்காய்க் குழம்பு பற்றிப் பேசினோம். உப்பு கொஞ்சம் தூக்கல். உட்காருங்கள்."

பிறகு மற்றச் சாட்சிகளைக் கேட்டார். கொலுசை பாய் கையில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. குழந்தை சொன்னதைக் கேட்டுத் துரத்தியவர்கள்தான் எல்லோரும். வெயில் சாய்வதற்குள் விடுதலை எழுதிவிட்டார்.

ஏரிக்கா போனே?

இனி நடக்கப்போவதுதான் எனக்குப் பயம். கன்னியப்பன் உள்ளே வந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். கோலைத் தூக்கப் போகிறார் என்று நினைத்து, நான் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் ஓடினேன். துரைக்கண்ணுவும் குறுக்கே போய் நின்றான்.

கோல் கீழே கிடந்தது. கன்னியப்பன் குழந்தைக்கு முன்னால் தரையில் குந்தியிருந்தார். அவள் இரண்டு காலையும் கெண்டைக்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏரிக்கா போனே? ஏரிக்கா போனே?" இதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். கொலுசைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

அவருடைய மூத்த பிள்ளை அந்த ஏரியில்தான் மூழ்கிப் போனானாம், இரண்டு வருஷத்துக்கு முன்னால். துரைக்கண்ணு பிறகு சொன்னான். அந்தப் பிள்ளைக்குப் பிறகு வீட்டில் ஏரி என்ற பேச்சே எடுக்கக் கூடாதாம். அவள் அத்தனை பெரிய பொய்யைச் சொன்னது கொலுசுக்காக இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இமாம் பாய் அந்தப் பக்கமாகத்தான் வெளியே போக வேண்டும். கன்னியப்பன் எழுந்து கையைக் கூப்பினார். "பாய்... நான் இன்னா சொல்லுவேன்..."

"ஒண்ணும் சொல்லாத" என்றார் பாய். "பதினோரு நாளு. மரத்துல கட்டிவெச்சு அட்ச்சாங்க. எங்க ஊட்ல பொம்பளைங்க தெருவுல தல காட்டல. நீ இன்னா சொல்லுவே?"

குழந்தையைத் தாண்டி நடந்தார். பத்தடி போனவர் திரும்பினார். "அந்தக் கொயந்தைய அட்ச்சேன்னு என் காதுல வுயுந்துச்சு... அவ்ளோதான், சொல்லிட்டேன்."

அது மன்னிப்பா, கோபமா? எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

காமாட்சி

வீட்டில் இவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் பேச வேண்டியதாயிற்று, குழம்பில் உப்பே இல்லை என்று. அதற்குப் பிறகு பூந்தமல்லி வக்கீல்கள் அத்தனை பேரும் இவர் முதுகுக்குப் பின்னால் காமாட்சி என்றுதான் சொன்னார்கள். முன்னாலும் சொன்னார்கள் என்று கேள்வி. ஆனால் அந்த முக்காலி அங்கேயே இருந்துவிட்டது. அந்த ஐயா மாற்றலாகிப் போன பிறகு வந்தவர் எடுக்கச் சொன்னாராம். இவர், ஏதோ ரிஜிஸ்தரில் ஏறிவிட்ட சாமான், எடுக்க மேலிடத்து உத்தரவு வேண்டும் என்று அடித்துப் பேசியிருக்கிறார். அப்படி எந்த ரிஜிஸ்தரும் கிடையாது. இவர் உத்தியோகத்தில் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

கொலுசு கிடைக்கவில்லை. அடுத்த கோடையில் ஏரி வற்றியபோது ஊரே இறங்கிச் சேற்றைத் துழாவியதாம். யாரோ தொலைத்த பித்தளைச் சொம்பு ஒன்று கிடைத்ததாம்.

இமாம் பாய் ஒரு மாதம் கழித்து எங்கள் தெருவுக்கு வந்தார். தோளில் சரம், அதே குரல். நான் கையை நீட்டினேன். அவர் அளவு பார்த்து ஆறு வளையலை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நீங்களே போட்டுக்கோங்கம்மா."

"ஏன் பாய்?"

"யார் கையையும் புடிக்க வரலம்மா. கொயந்தைங்க கைன்னா சுத்தமா வரல. அம்மாக்காரிங்களாண்ட குட்த்துட்டு வந்துடறேன். பாதி ஒடச்சுடறாங்கோ."

வளையல்காரருக்குக் கை பிடிக்க வரவில்லை என்றால் பிறகு என்ன இருக்கிறது? நானும் போட்டுப் பார்த்து இரண்டை உடைத்தேன்.

தை பிறந்த பிறகு மறுபடி வந்தார். வந்ததும் நீட்டச் சொல்லாமலே என் கையைப் பிடித்துப் பிசைய ஆரம்பித்தார். நான் முகத்தைப் பார்த்தேன்.

"அயனம்பாக்கம் போனேம்மா" என்றார். "ரெண்டு வாட்டி அந்தத் தெரு பக்கமே போவல. மூணாவது வாட்டி போனேன். எல்லாப் பொம்பளைங்களும் வந்துச்சுங்கோ. அது மட்டும் கதவுக்குப் பின்னால நின்னுகினு இருந்துச்சு. நானும் பாக்காத மாதிரி கீறேன். அப்பால மெள்ள வந்துச்சும்மா. எதிர்ல குந்திச்சு. நான் நாலு பச்ச வளையல எட்த்து, 'இந்தா, உங்கம்மாவாண்ட குடு, போடுவாங்கோ'ன்னேன்."

"வாங்கிக்கிச்சா?"

"இல்லம்மா." என் கையில் இரண்டாவது வளையலை ஏற்றிக்கொண்டே சொன்னார். "ரெண்டு கையையும் என் மடிமேல வெச்சுகினு, 'எங்கம்மா போட்டா வலிக்கும். நீயே போடு'ன்னுச்சு."

மூன்றாவது வளையலும் உடையாமல் ஏறியது.